டபுள்டேயாம், வெங்காயமாம்!

பேஸ்பாலைக் கண்டுபிடித்தது யார்? இந்தக் கேள்வியை இன்னும் எத்தனை வருஷம்தான் கேட்டுக்கொண்டிருப்பீர்கள்? நேற்று எங்கள் குடியிருப்பு வினாடி வினாவில் கடைசிக் கேள்வி இதுதான். "அப்படி ஒருத்தர் இல்லவே இல்லை" என்றேன். குவிஸ் மாஸ்டர் தம்பி என்னைப் பாவமாகப் பார்த்தார். அடுத்த மேஜை "ஆப்னர் டபுள்டே, நியூயார்க் மாநிலத்துக் கூப்பர்ஸ்டவுன், 1839" என்று ஒப்பித்தது. பத்து மார்க். கைதட்டல் வேறு.

விடுவேனா? "தம்பி, பின்னாளில் ஜெனரலான இந்த டபுள்டே 1839இல் வெஸ்ட் பாயிண்ட் ராணுவக் கல்லூரியில் மாணவர். கூப்பர்ஸ்டவுனில் ஆவியாக வந்தா ஆடினார்?"

"ஆன்சர் ஷீட்ல அதான் சார் இருக்கு."

"1744இல் ஜான் நியூபெரி லண்டனில் போட்ட குழந்தைகள் புத்தகத்தில் பேஸ்பால் என்று தலைப்பு, படம், பாட்டு எல்லாம் இருக்கிறதே! டபுள்டே பிறந்ததே 1819இல்."

"ஷீட்ல..."

"மாசசூசெட்ஸில் பிட்ஸ்ஃபீல்டு என்று ஓர் ஊர். புதுப் பொதுமண்டபத்தின் ஜன்னல் கண்ணாடி உடையக் கூடாதென்று, 80 கெஜத்துக்குள் பேஸ்பால் ஆடக் கூடாது எனத் தடை போட்டார்கள். 1791இல்! பிறக்காத ஆட்டத்துக்கா தடை?"

தம்பி ஷீட்டைத் திருப்பிப் பார்த்தார். பின்பக்கம் காலி. மறுபடி முன்பக்கம். அங்கே அதே டபுள்டே. பின்னாலிருந்து ஒரு மாமா, "சரி விடுங்க சார், சாப்பாடு ஆறுது" என்றார். என் அணிக்காரரே என் சட்டையைப் பிடித்து இழுத்தார். துரோகி.

அந்தப் பதில் எந்த லட்சணத்தில் பிறந்தது என்று கேளுங்கள். இங்கிலாந்தில் பிறந்த பத்திரிகையாளர் ஹென்றி சாட்விக், இது எங்கள் ஊர் ரவுண்டர்ஸ் என்ற பந்தாட்டத்திலிருந்து வந்தது என்று எழுதிக்கொண்டே இருந்தார். விளையாட்டுச் சாமான் வியாபாரி ஆல்பர்ட் ஸ்பால்டிங்குக்குப் பொறுக்கவில்லை. அமெரிக்க ஆட்டத்துக்கு ஆங்கிலேய அப்பனா? ஆட்டம் எங்கே பிறந்தது என்று கண்டுபிடிக்க 1905இல் ஒரு கமிஷன். தலைவர் ஏப்ரகாம் மில்ஸ், டபுள்டேக்குத் தெரிந்தவர். டபுள்டேதான் கண்டுபிடித்தார் என்பதற்குச் சாட்சி? ஆப்னர் கிரேவ்ஸ் என்றொரு முதியவரின் கடிதம். 1839இல் அவருக்கு வயது ஐந்து! டபுள்டே 1893இல் சாகும்வரை எவ்வளவோ எழுதினார், பேஸ்பால் என் பிள்ளை என்று ஒரு வரி எழுதியதில்லை. ஆனாலும் 1939இல் நூற்றாண்டு விழா என்று சொல்லி கூப்பர்ஸ்டவுனில் பேஸ்பால் அருங்காட்சியகமே திறந்துவிட்டார்கள்.

எனக்கு எரிவது எங்கே தெரியுமா? இந்த ஆட்டத்தைப் பிறப்பித்தது பள்ளிக்கூடத்துப் பொடியன்கள். நாலு பேர் வந்தால் நாலு பேருக்கு ஓர் ஆட்டம், பத்துப் பேர் வந்தால் அதற்கொன்று. பேஸ் என்றால் ஓடித் தொட வேண்டிய இடம். ஒரு பேஸ் வைத்து ஆடினால் 'ஒன் ஓல்ட் கேட்', இரண்டு வைத்தால் 'டூ ஓல்ட் கேட்'. கூட்டம் பெரிதானால் 'டவுன் பால்'. நூலைச் சுற்றிச் சுற்றி உருட்டி, மேலே தோல் தைத்தால் பந்து. ஓடுகிறவனை அவுட் செய்ய அவன் முதுகிலேயே பந்தை எறிவார்கள். பந்து மெத்தென்று இருந்ததால் பிழைத்தான். 1845இல் நியூயார்க்கின் நிக்கர்பாக்கர் கிளப் விதிகளை எழுதியபோதுதான் அந்த அடி தடையானது. இதில் எந்தப் பையன் பேட்டன்ட் வாங்கினான்? ஆனால் பெரியவர்களுக்கு ஒரு ஜெனரல் வேண்டும், மீசை வேண்டும், சிலை வேண்டும். அழுக்கு டவுசர் ஆகாது!

இதையெல்லாம் அந்தத் தம்பியிடம் சொல்லி முடித்தபோது நாற்காலிகளை அடுக்க ஆரம்பித்திருந்தார்கள். "சார் இன்னும் பேசுறாரா?" என்று யாரோ கேட்டது காதில் விழுந்தது. எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. சரி, போகட்டும் என்று கீழே இறங்கினால், என் பைக்குக்குக் குறுக்கே ஒரு வெள்ளைக் கார். கண்ணாடியில் போன் நம்பர்கூட இல்லை. பி பிளாக்காரர்களே, உங்களுக்கு மனசாட்சி என்று ஒன்று இருக்கிறதா இல்லையா?