சேறு போக 105 அடி

பவானிசாகர் அணை நீர்மட்டம் பற்றிச் செய்தி வந்தால் கூடவே ஒரு கணக்கும் வரும்: மொத்த உயரம் 120 அடி, சேறு சகதிக்கு 15 அடி போக 105 அடி. படித்துவிட்டுக் கடந்துபோகிறோம். அந்தச் சேறு எந்த மலையிலிருந்து வருகிறது என்று கீழே இருக்கிற நாம் கேட்பதே இல்லை.

நீலகிரிக்கு அதில் பெரிய பங்கு உண்டு. குந்தா ஆற்றில் இறங்கினாலும், குன்னூர் ஆற்றில் இறங்கினாலும், சிகூர் வழியாக மாயாற்றில் இறங்கினாலும் அந்த மண் கடைசியில் வந்து சேர்வது பவானிசாகரில்தான். நடுவில் கோவைக்குக் குடிநீர் தரும் பில்லூர் அணையிலும் ஒரு பங்கு தங்கிவிடுகிறது.

நல்ல மழைக்கு மறுநாள் கேத்தி, நஞ்சநாடு பக்கம் புதிதாக விதைத்த கேரட் தோட்டத்தில் குனிந்து பாருங்கள். சின்னச் சின்னக் கற்கள் விரற்கடை உயர மண் தூண்களின் மேல் உட்கார்ந்திருக்கும். மழைத்துளி நேராக விழாதபடி கல் மறைத்த இடத்தில் மட்டும் மண் நிற்கிறது. சுற்றியிருந்ததெல்லாம் அடித்துப் போய்விட்டது. போனது மேல்மண். போட்ட தொழுவுரமும் மூட்டை மூட்டையாக இறைத்த ரசாயன உரமும் அதோடு ஓடைக்குப் போகும். அடுத்த போகத்துக்கு இன்னும் இரண்டு மூட்டை கூடும். ஓர் அங்குல மேல்மண் உருவாக நூற்றாண்டுகள் ஆகும் என்பதையும் சேர்த்து யோசியுங்கள்.

சரிவின் போக்கிலேயே பாத்தி போட்டு மண்ணை ஓடவிடுகிறார் என்று விவசாயியைத் திட்டுவதில் எனக்கு உடன்பாடில்லை. சரிவுக்குக் குறுக்கே பாத்தி போட்டால் தண்ணீர் தேங்கிக் கிழங்கு அழுகிவிடும் என்ற அவர் பயம் நியாயமானது. படிக்கட்டு போல நிலத்தை வெட்டி, உள்பக்கமாகச் சாய்வு கொடுத்து, வடிகால் விட்டு, விளிம்பில் புல் வளர்த்தால் மண்ணும் நிற்கும், கிழங்கும் அழுகாது. ஊட்டியில் 1954 முதல் மண், நீர்ப் பாதுகாப்புக்கென்றே ஓர் ஆராய்ச்சி மையம் இருக்கிறது. வழி தெரியாமல் யாரும் தவிக்கவில்லை. ஆனால் கூலிச் செலவு அதிகம், விளையும் பரப்பும் குறையும். ஒரு வருடக் குத்தகைக்கு நிலம் பிடித்தவர் எதற்காக இன்னொருவர் நிலத்தில் அவ்வளவு பணத்தைப் போடுவார்?

அந்தச் செலவைக் கீழே இருக்கிற நாம்தான் ஏற்க வேண்டும். கோவையின் குடிநீர்க் கட்டணத்தில் ஒரு சிறு பங்கை மலைக்கென்று ஒதுக்கலாம். அணையில் தூர்வார ஒதுக்கும் பணத்திலும் ஒரு பகுதி மேலே போகட்டும். முக்கியமாக, பட்டா, சிட்டா கேட்டு மானியம் கொடுக்கிற வரை குத்தகைக்காரர் கைக்கு ஒரு ரூபாய்கூடப் போகாது. யார் உழுகிறாரோ அவர் பெயரிலேயே கொடுங்கள்.