வேண்டேக்க சரி, வேண்டினாப் பிறகு குற்றமோ?

இஞ்ச போட்டிருந்த ஒரு புது ரைஃபிள் படத்துக்குக் கீழ நேற்று நடந்த சண்டையைக் கனபேர் பாத்திருப்பியள். நான் கேட்டது ஒரு கேள்விதான். புதுசா ஒரு செமி-ஓட்டோ ரைஃபிளை (ஒருக்கா விசையை இழுத்தா ஒரு வெடி, அடுத்த ரவுண்ட் தானா ஏறும்) இறக்குமதி செய்யிறவனும் அதை வேண்டுறவனும், இது கனடாச் சட்டத்தில எந்த வகுப்பு எண்டு எதை நம்பி முடிவெடுக்கிறது? அதுக்கு வந்த பதில், "சண்டைக்குப் பயந்து ஓடி வந்தவனுக்கு இஞ்ச துவக்கு எதுக்கு?" அதுக்கு லைக் வேற. லைக் போட்டதில என்ர வீட்டில சாப்பிட்ட ஆக்களும் இருக்கினம்.

சரி, விசயத்துக்கு வாறன். கனடாவில துவக்கு மூண்டு வகுப்பு: நொன்-ரெஸ்ரிக்ரட் (சாதாரண லைசன்ஸ் போதும்), ரெஸ்ரிக்ரட் (கூடுதல் கட்டுப்பாடு), புரொகிபிட்டட் (தடை). சென்ரர்ஃபயர் (ரவுண்டின்ர அடியில நடுவில தட்டி வெடிக்கிற) செமி-ஓட்டோ எண்டா குழல் 470 மில்லிமீற்றருக்குக் குறைஞ்சா ரெஸ்ரிக்ரட், மகசீன் 5 ரவுண்டுக்கு மேல பிடிக்கக்கூடாது. என்ர மகசீனில ஒரு ரிவெட் அடிச்சிருக்கு, ஆறாவதை எவ்வளவு அமத்தினாலும் உள்ள போகாது. இதெல்லாம் அளந்து பாக்கக்கூடிய சட்டம். எனக்கு அதில ஒரு கோவமும் இல்லை.

கோவம் எங்க எண்டா, 2020 மே 1 அமைச்சரவை ஒரு ஆணையைப் போட்டு 1500 மொடல் வரை தடை செய்தது. பாராளுமன்றத்தில விவாதமும் இல்லை, வாக்கெடுப்பும் இல்லை. பேர் சொன்ன மொடல் மட்டுமில்லை, அதின்ர "வேரியன்ற்" எல்லாமாம். வேரியன்ற் எண்டா எது எண்டு சட்டத்தில வரைவிலக்கணம் கிடையாது. கனடாவின்ர மத்திய பொலிஸ் ஆர்.சி.எம்.பி., எந்தத் துவக்கு எந்த வகுப்பு எண்டு தான் வைச்சிருக்கிற எஃப்.ஆர்.ரி. அட்டவணையில என்ன எழுதுதோ அதுதான். அந்த அட்டவணை சட்டமில்லை எண்டு அவையே சொல்லுவினம், ஆனா கடைக்காரனும் எல்லையில நிக்கிற அதிகாரியும் அதைத்தான் பாக்கினம். 2014இல ஸ்விஸ் ஆர்ம்ஸ், சிஇசட் 858 எண்ட ரைஃபிள்கள் வைச்சிருந்த ஆக்களைக் கேட்டுப் பாருங்கோ. வருசக்கணக்கா சட்டப்படி வித்தது, திடீரெண்டு புரொகிபிட்டட், அடுத்த வருசம் பழையபடி சரி, பிறகு வந்த அரசாங்கம் சி-71 எண்ட சட்டத்தால திரும்பவும் தடை. துவக்கில ஒரு ஆணிகூட மாறேல்ல.

நான் வேண்டினது மினி-14 எண்ட செமி-ஓட்டோ ரைஃபிள். நொன்-ரெஸ்ரிக்ரட் எண்டு சொல்லித்தான் கடையில தந்தவங்கள். லைசன்ஸ் படிவத்தில மனிசி கையெழுத்து வைக்கோணும், தெரிஞ்ச ரெண்டு பேர் சாட்சி சொல்லோணும். மனிசி பேனையைப் பிடிச்சுக்கொண்டு கனநேரம் யோசிச்சவ, எனக்கு இப்பவும் ஞாபகம், ஏனெண்டா அவவின்ர தம்பியை நாங்கள் எப்பிடி இழந்தனாங்கள் எண்டு எனக்குத் தெரியும். அதுக்குப் பிறகும் என்னை நம்பித்தான் கையெழுத்து வைச்சவ. லைசன்ஸ் இருக்கிறவையின்ர பேரை ஒவ்வொரு நாளும் பொலிஸ் கணினி சோதிக்குது. இவ்வளவும் செய்தும், 2020 ஆணையில அதுவும் தடையானதால இப்ப அந்த ரைஃபிள் சேஃபுக்குள்ள கிடக்கு. சுடவும் ஏலாது, விக்கவும் ஏலாது, தடை செய்ததை வைச்சிருந்தாலும் வழக்குப் போடமாட்டம் எண்ட மன்னிப்புக் காலத்தை 2026 ஒக்டோபர் 30 வரை நீட்டியிருக்கினம். மன்னிப்பாம். நான் என்ன பிழை செய்தனான் மன்னிக்க?

"மொன்றியல் பொலிரெக்னிக்கில 14 பெண்களைக் கொண்டது அதே மினி-14 தானே" எண்டு கேப்பியள். ஓம், 1989இல. அந்தத் தாய் தேப்பன்மாருக்கு முன்னால நிண்டு நான் வாதாட வரேல்ல, தடை வேணுமெண்டு அவை கேக்கிறது எனக்கு விளங்குது. 2020 ஏப்ரலில நோவா ஸ்கோஷியாவில நடந்த படுகொலையைச் சொல்லுறவைக்கு மட்டும் பதில் சொல்லுறன். 22 பேரைக் கொண்டவனிட்ட லைசன்ஸே இல்லை, அவன்ர துவக்குகளில பெரும்பாலானது அமெரிக்காவில இருந்து கடத்தினது. அதுக்குப் பிறகு வந்த ஆணை ஆரின்ர வீட்டுக் கதவைத் தட்டினது? படிவம் நிரப்பினவன்ர கதவை.

"அப்ப எல்லாத்தையும் திறந்து விடச் சொல்லுறியோ" எண்டும் ஒருத்தர் கேட்டவர். இல்லை அண்ணை, நான் எழுதினதை ஒருக்கா வாசியுங்கோ. 2023 டிசம்பரில வந்த சி-21 எண்ட துவக்குச் சட்டம் எனக்குப் பிடிக்கேல்ல. ஆனா அது பாராளுமன்றத்தில விவாதிச்சுப் போட்ட சட்டம். அந்தத் திகதிக்குப் பிறகு வடிவமைச்சுச் செய்த சென்ரர்ஃபயர் செமி-ஓட்டோ, 6 அல்லது அதுக்கு மேல பிடிக்கிற கழட்டுற மகசீனோட வடிவமைச்சதெண்டா தடை எண்டு தெளிவா எழுதியிருக்கு. இறக்கிறவன் முதலே எஃப்.ஆர்.ரி. இலக்கம் எடுக்கோணும் எண்டும் இருக்கு. அப்பிடியெண்டா ஒருத்தன் காசைக் குடுக்க முதலே விசயம் தெரியும். நான் கேக்கிறது அதுதான், முதலே சொல்லுங்கோ, சொன்னதில நில்லுங்கோ. பிறகு 2024 டிசம்பரில இன்னும் 324 மொடல், 2025 மார்ச்சில 179 எண்டு ஆணையாலயே சேத்துக்கொண்டு போனா, இண்டைக்குக் கடையில சரியெண்டு தாற எதை நம்பி வேண்டுறது?

துவக்கு என்ன செய்யுமெண்டு எனக்கு நீங்கள் படிப்பிக்கத் தேவையில்லை. துவக்கு வைச்சிருக்கிறவன் நினைச்சா நினைச்ச நேரம் சட்டத்தை மாத்துவான் எண்டிருந்த இடத்தில இருந்துதான் நான் வந்தனான். இஞ்ச எழுதின சட்டம் நிக்கும் எண்டு நம்பித்தான் குடியுரிமை எடுத்தனான், வரி கட்டுறன், படிவத்தில உண்மையை எழுதுறன். துவக்கு வேண்டாமெண்டு நினைக்கிறது உங்கட உரிமை, ஆனா ஓடி வந்தவன் எண்டபடியா நான் கேள்வியே கேக்கக்கூடாது எண்டு சொல்ல நீங்கள் ஆர்? நேற்று லைக் போட்ட ஆக்கள் ஆராவது, வேண்டினாப் பிறகு வகுப்பு மாத்துறது ஏன் நியாயமெண்டு கீழ எழுதுங்கோ. என்ர ஊரைப் பற்றி இல்லை, அதைப் பற்றி.