எந்தக் கட்டத்தில் என்பதுதான் கேள்வி

ரத்தக் கொழுப்பைக் குறைக்கும் ஸ்டாட்டின் மாத்திரை ஈரல் சுருக்க நோயாளிகளுக்கும் நல்லது என்று கட்டுரை ஒரே வரியில் முடித்துவிட்டது. நோயின் ஆரம்பக் கட்டத்தில் சரி, கொழுப்புக்காகத் தாராளமாகக் கொடுக்கிறார்கள். வயிற்றில் நீர் கோத்து, கண் மஞ்சளித்த பிறகு கணக்கே மாறிவிடுகிறது.

என் அண்ணன் அந்தக் கட்டத்தில்தான் இருந்தார். சிம்வாஸ்டாட்டின் என்ற ஸ்டாட்டினை 40 மி.கி. கொடுத்திருந்தார்கள். சில வாரங்களில் தொடை வலி, நாற்காலியிலிருந்து எழவே கையை ஊன்ற வேண்டியதாயிற்று. நோயின் அசதி என்றுதான் நாங்கள் நினைத்தோம். அப்புறம் சிறுநீர் கடுங்காப்பி நிறத்தில் போனதும் ஓடினோம். தசை சிதைந்து, அதன் கழிவு சிறுநீரகத்தை அடைக்கத் தொடங்கியிருந்தது. சிம்வாஸ்டாட்டினை உடைப்பது ஈரல்தான். அது நலிந்தால் மருந்து ரத்தத்திலேயே தேங்கிவிடும்.

மருந்தை நான் குறை சொல்லவில்லை. உணவுக்குழாய் ரத்தநாளம் வெடித்துப் பிழைத்த ஈரல் சுருக்க நோயாளிகளிடம் சிம்வாஸ்டாட்டினை வைத்து நடந்த ஒரு சோதனை 2016-ல் வெளியானது. அதில் இறப்பு 22 சதவீதத்திலிருந்து 9 ஆகக் குறைந்தது. ஆனால் ஈரல் பாதிப்பை அளக்கும் சைல்டு-பியூ அளவுகோலில் மிக முற்றிய 'சி' பிரிவினருக்கு அந்தப் பலன் தெரியவில்லை. 2025-ல் வந்த பெரிய சோதனையில், முற்றிய நோயாளிகளுக்கு சிம்வாஸ்டாட்டின் 20 மி.கி.யோடு ரிஃபாக்சிமின் என்ற குடல் ஆன்டிபயாட்டிக்கும் சேர்த்துக் கொடுத்தும் பயனில்லை.

வீட்டில் இப்படி யாராவது ஸ்டாட்டின் எடுத்தால், தசை வலி என்றதுமே மருத்துவரிடம் சொல்லி தசைச் சிதைவைக் காட்டும் கிரியாட்டின் கைனேஸ் ரத்தப் பரிசோதனை கேளுங்கள். சிறுநீர் நிறம் மாறும்வரை காத்திருக்காதீர்கள். ஆசிரியர் அந்த வரியைத் திருத்தினால் நல்லது.