பிட்காயினுக்கு வட்டி கிடையாது

ஈரோட்டில் இருக்கும் என் சித்தப்பா, போக்குவரத்துக் கழகத்தில் நடத்துநராக இருந்து ஓய்வு பெற்றவர். பொங்கலுக்குப் போயிருந்தபோது, மாட்டுக்கொட்டகைப் பக்கம் என்னைத் தனியாக அழைத்துச் சென்று, குரலைத் தாழ்த்தி, "தம்பி, இந்தப் பிட்காயினுக்கு மாசம் எவ்வளவு வட்டி தருவாங்க?" என்று கேட்டார். நான் சிரித்துவிட்டேன். அதற்கெல்லாம் வட்டி கிடையாது என்று ஒரு வரியில் சொல்லிவிட்டுப் பேச்சை மாற்றினேன். அந்தக் கேள்வி அவருக்கு எங்கிருந்து வந்தது என்று அன்றைக்கே விசாரித்திருக்க வேண்டும்.

பணம் குறித்துப் பெரியவர்களிடம் இருக்கும் தயக்கத்தைப் பயம் என்றும் அறியாமை என்றும் இங்கே பலர் கேலி செய்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. எங்கள் வீட்டுப் பீரோவில், நிலப் பத்திரங்களுக்கு அடியில், மஞ்சள் நிற ரசீது ஒன்று இன்னமும் இருக்கிறது. மேலே லட்சுமி படம், கீழே ஊதா மையில் கையெழுத்து, நடுவில் நாற்பதாயிரம் ரூபாய். தொண்ணூறுகளில் 24 சதவீத வட்டி தருவதாகச் சொன்ன ஒரு நிதி நிறுவனத்தில் அப்பா போட்ட பணம் அது. ஓராண்டு வட்டி ஒழுங்காக வந்தது; பிறகு ஒருநாள் கதவில் பூட்டு தொங்கியது. அந்த நாட்களில் ஊருக்கு ஊர் இப்படி நடந்தது; இப்படிப்பட்ட நிறுவனங்களைத்தான் 'பிளேடு கம்பெனி' என்று சொல்வோம். வைப்பீட்டாளர்களைக் காக்க 1997இல் தமிழ்நாடு அரசு தனிச் சட்டமும் கொண்டுவந்தது. அதன்பின் எங்கள் பக்கத்தில், பணம் கட்டி வளர்த்தால் மாதாமாதம் தொகை வரும் என்று சொன்ன ஈமு கோழித் திட்டம் வந்தது. 2012இல் பெருந்துறையில் அது சரிந்தபோது, தீவனம் வாங்கப் பணமில்லாமல் அந்தப் பறவைகளை என்ன செய்வதென்று தெரியாமல் நின்ற குடும்பங்கள் எங்கள் உறவிலேயே உண்டு. 2016 நவம்பர் 8 இரவு, அப்பத்தா உளுந்து டப்பாவில் மறைத்து வைத்திருந்த ஐந்நூறு ரூபாய் நோட்டுகளும் செல்லாதவை ஆயின. தனியார், தெரிந்தவர், அரசாங்கம் என்று மூன்று பக்கமும் அடிபட்ட தலைமுறை, கையில் இருப்பதை இறுக்கிப் பிடித்துக்கொள்வதில் வியப்பென்ன இருக்கிறது?

அவர்களுக்குச் சொத்து என்றால் நிலம், பவுன், அதற்கு அடுத்தபடியாக மாதாமாதம் ஏதாவது கொண்டுவரும் வைப்புத்தொகை. விலை எவ்வளவு ஏறியது என்பதைவிட, மளிகைக்கும் மாத்திரைக்கும் காசு வந்ததா என்பதே அவர்கள் கணக்கு. அஞ்சலகத்தின் மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்துக்கு 2023 ஏப்ரலில் 8.2 சதவீத வட்டி அறிவித்தார்கள். அந்த வட்டிக்குப் பத்து லட்சம் போட்டால், மூன்று மாதத்துக்கு ஒருமுறை 20,500 ரூபாய் வரும். இளைஞர்களுக்கு இது சலிப்பூட்டும் தொகை. பெரியவர்களுக்கோ இது சம்பளத்தின் மிச்சம்.

இந்த நல்ல பழக்கத்திலேயே ஒரு ஓட்டையும் இருக்கிறது. 'திடீரென்று பத்து மடங்காகும்' என்று சொன்னால் பெரியவர்கள் எழுந்து போய்விடுவார்கள். 'மாதம் இவ்வளவு வரும், நம்ம ஆளுதான் சொன்னார்' என்றால் உட்கார்ந்து கேட்பார்கள். கிரிப்டோ எனப்படும் பிட்காயின் போன்ற மின்னணுக் காசுகளைக் காட்டி ஏமாற்றும் மோசடிக்காரர்களுக்கு இது நன்றாகத் தெரியும். மொத்தமே இரண்டு கோடியே பத்து லட்சம் எண்ணிக்கைக்கு மேல் உருவாக முடியாதபடி எழுதப்பட்ட பிட்காயின், வாங்கி வைத்தால் அப்படியே கிடக்கும். வாடகையோ, வட்டியோ, ஈவுத்தொகையோ தராது. விற்கும்போது விலை ஏறியிருந்தால் லாபம், அவ்வளவுதான். ஈதர் போன்ற சில காசுகளில் ஸ்டேக்கிங் மூலம், அதாவது காசை அந்த வலையமைப்பில் பூட்டி வைப்பதன் மூலம், கூடுதலாகக் கொஞ்சம் கிடைக்கும் என்று யாராவது பின்னூட்டத்தில் வருவீர்கள், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அதுவும் அதே காசாகத்தான் வரும், விலை விழும்போது சேர்ந்தே விழும். ஆகவே பிட்காயினில் போட்டால் மாதம் இத்தனை சதவீதம் உறுதி என்று ஒருவர் சொல்கிறார் என்றால், அவர் விற்பது பழைய பிளேடு கம்பெனியைத்தான். கெயின்பிட்காயின் என்ற திட்டம் பதினெட்டு மாதங்களுக்கு மாதம் 10 சதவீதம் தருவதாகச் சொல்லியே நாடு முழுவதும் ஆள் சேர்த்தது; 2018இல் அதன் தலைவர் கைதானார்.

மோசடியே இல்லாத, முறையான தளத்தில் வாங்கினாலும் வயது என்ற கணக்கு குறுக்கே நிற்கிறது. 2021 நவம்பரில் 69,000 டாலரைத் தொட்ட பிட்காயின், எஃப்டிஎக்ஸ் என்ற பெரிய கிரிப்டோ சந்தை கவிழ்ந்த 2022 நவம்பரில் 16,000 டாலருக்கும் கீழே போனது. பழைய உச்சத்தை அது மீண்டும் தாண்டியது 2024 மார்ச்சில். அந்த ஆண்டு முடிவதற்குள் ஒரு லட்சத்தையும் கடந்தது. 'பொறுத்தவர் பிழைத்தார்' என்று இதைச் சொல்பவர்கள் பொய் சொல்லவில்லை. ஆனால் முப்பது வயதுக்காரர் பொறுக்கலாம். அறுபத்தெட்டு வயதில், அந்த இரண்டேகால் ஆண்டுக்குள் ஒரு மாரடைப்போ மகளின் பிரசவமோ வந்தால், கால்வாசி விலைக்கு விற்றுவிட்டு வெளியேறுவதைத் தவிர வழியில்லை. வங்கி திவாலானால் ஐந்து லட்சம் வரை வைப்புக் காப்பீடு உண்டு. கிரிப்டோ தளத்துக்கு அப்படி எதுவும் கிடையாது. 2024 ஜூலையில் ஒரு பெரிய இந்தியத் தளத்திலிருந்து ஏறத்தாழ 23 கோடி டாலர் மதிப்புள்ள காசுகள் திருடப்பட்டபோது, அங்கே கணக்கு வைத்திருந்தவர்கள் தங்கள் பணத்தை எடுக்க முடியாமல் மாதக்கணக்கில் காத்துக் கிடந்தார்கள்.

இன்னொன்றையும் நாம் யோசிப்பதில்லை. அப்பாவின் நீல ரெக்சின் பையில் ஒவ்வொரு பாஸ் புத்தகத்திலும் நாமினி பெயர் இருக்கிறது. அதைக் காட்டி விளக்குவது அவருக்கு ஒரு சடங்கு மாதிரி. சொந்த வாலட்டில், அதாவது தளத்தை நம்பாமல் நாமே வைத்திருக்கும் மின்னணுப் பணப்பையில், வைத்த கிரிப்டோவுக்கு நாமினி கிடையாது. பன்னிரண்டு அல்லது இருபத்து நான்கு ஆங்கிலச் சொற்கள்தான் சாவி. அந்தச் சொற்களை எழுதிவைத்த தாள் தொலைந்தால், வாரிசுச் சான்றிதழோடு போய் நிற்பதற்கு ஓர் அலுவலகம்கூட இல்லை. பிள்ளைகளுக்கு விட்டுப்போவதற்காகவே சேர்க்கும் தலைமுறைக்கு இது எந்த வகையில் பொருந்தும் என்று எனக்குப் புரியவில்லை.

சித்தப்பாவுக்கு வருகிறேன். சித்திரை பிறந்த பிறகு அவரே தொலைபேசியில் அழைத்தார். பழைய சக ஊழியர் ஒருவர் சேர்த்துவிட்ட வாட்ஸ்அப் குழு வழியாக, பொங்கலுக்கு முன்பே ஐம்பதாயிரம் போட்டிருக்கிறார். முதல் மாதம் இரண்டாயிரம் உண்மையாகவே கணக்குக்கு வந்திருக்கிறது. உடனே இன்னும் இரண்டு லட்சம். செயலியில் தொகை மூன்று லட்சத்து எழுபதாயிரம் என்று காட்டியது. எடுக்கப் போனபோது, "அரசாங்கத்துக்கு 30 சதவீதம் வரி கட்டினால்தான் விடுவிக்க முடியும்" என்று செய்தி வந்திருக்கிறது. அனுப்பச் சொன்னதோ யாரோ ஒரு தனிநபரின் கணக்குக்கு.

அந்த 30 சதவீதம்தான் அவரை நம்ப வைத்தது. கிரிப்டோ லாபத்துக்கு 2022 பட்ஜெட்டில் வந்த வரி அது. செய்தித்தாளில் அவரே படித்திருக்கிறார். "அரசாங்கமே வரி போட்டுருச்சில்லீங்க தம்பி, அப்புறம் அது எப்படித் திருட்டுக் கம்பெனி ஆகும்?" என்றார். வரி விதிப்பது வேறு, அரசு உத்தரவாதம் தருவது வேறு என்பதையும், உண்மையான வரியை நாம்தான் வருமான வரித் துறைக்குக் கட்டுவோம், தளம் பிடித்தம் செய்வது விற்கும்போது ஒரு சதவீதம் மட்டுமே என்பதையும் விளக்க எனக்கு அரைமணி நேரம் ஆனது. ஒரு காசில் வந்த நட்டத்தை இன்னொரு காசின் லாபத்தில் கழிக்கவும் அந்தச் சட்டத்தில் வழியில்லை என்றபோதுதான், "அப்படியானா சர்க்காருக்கே இது பிடிக்கலையாட்ட இருக்குது" என்று முதன்முறையாக எரிச்சலோடு சொன்னார்.

இணைய மோசடிகளுக்கான 1930 என்ற உதவி எண்ணுக்கு அழைத்துப் புகார் பதிவு செய்யச் சம்மதிக்க வைப்பதற்கு மேலும் நான்கு நாட்கள் பிடித்தன. போனது ஓய்வூதியப் பலனில் ஒரு பங்கு. அதைவிட, முப்பது ஆண்டு பேருந்தில் ஒரு ரூபாய் சில்லறை குறையாமல் கணக்கு ஒப்படைத்த மனிதர் ஏமாந்தார் என்று ஊர் பேசுமே என்பதுதான் அவரை உறுத்தியது. முதல் மணி நேரங்களிலேயே அழைத்தால் பணம் போன கணக்கை முடக்கும் வாய்ப்பு உண்டு. இங்கே வாரங்கள் கடந்துவிட்டன. பணம் இதுவரை வரவில்லை. சித்திக்கு இன்னும் தெரியாது. சித்தப்பா என்று இங்கே நான் எழுதியிருக்கும் உறவுமுறையும், ஈரோடு என்ற ஊரும்கூட மாற்றி எழுதப்பட்டவையே. அந்த நிபந்தனையின் பேரில்தான் இதை எழுத அவர் சம்மதித்தார்.