பதினோராம் இடமும் நான்கு கிலோ ஈயமும்

(கோவை செட்டிபாளையம் சாலையில் ஒரு தேநீர்க் கடை, ஞாயிற்றுக்கிழமை மாலை. லேத் பட்டறை வைத்திருக்கும் தங்கவேலும், கூட்டுறவு வங்கியில் எழுத்தராக இருக்கும் அவருடைய மைத்துனர் பிரபாகரனும் வாழ்க்கையில் முதன்முறையாகக் கோ-கார்ட் என்னும் சிறு பந்தய வண்டிப் போட்டியில் ஓட்டிவிட்டு, விலா எலும்பைத் தடவியபடி அமர்ந்திருக்கிறார்கள். இவர்கள் ஏன் இலக்கணத் தமிழில் பேசுகிறார்கள் என்று கேட்க வேண்டாம். தலைக்கவசத்தைக் கழற்றியதிலிருந்து இப்படித்தான் பேசிக்கொண்டிருக்கிறார்கள்.)

பிரபாகரன்: மச்சான், நேரப் பட்டியலை வாங்கி வந்துவிட்டேன். பன்னிரண்டு பேர் ஓட்டிய புதியவர் பிரிவில் நீங்கள் பதினோராம் இடம், நான் பன்னிரண்டாம் இடம் என்று அச்சடித்தே கொடுத்துவிட்டார்கள். வாயால் மட்டும் சொல்லியிருந்தால் வீட்டுக்குப் போவதற்குள் நாம் கொஞ்சம் முன்னேறியிருக்கலாம்.

தங்கவேல்: பதினோராம் இடத்தை அவ்வளவு இளக்காரமாகச் சொல்லாதீர்கள், மாப்பிள்ளை. நம் ஊர் நரேன் கார்த்திகேயன் 2005-ஆம் ஆண்டு அமெரிக்க கிராண்ட் பிரி என்னும் ஃபார்முலா ஒன் கார்ப் பந்தயத்தில் நான்காவதாக வந்தாரே, அன்று டயர்ப் பிரச்சினையால் பதினான்கு கார்கள் ஒதுங்கிவிட, போட்டியில் ஓடியவை ஆறே கார்கள். இன்று நமக்கு முன்னால் வந்த பத்துப் பேருக்கும் அப்படி ஒரு பிரச்சினை வந்திருந்தால் நான் முதலிடம், நீங்கள் இரண்டாமிடம்.

பிரபாகரன்: அந்தப் பத்துப் பேரில் பாதிப் பேருக்கு மீசையே அரும்பவில்லை. ஏழாம் எண் வண்டியில் வந்து என்னை இரண்டு முறை முந்திச் சென்றவர் பதினோராம் வகுப்பு மாணவி என்பது, அவர் தலைக்கவசத்தைக் கழற்றி, “அங்கிள், அடிபடவில்லையே?” என்று கேட்டபோதுதான் தெரிந்தது.

தங்கவேல்: அது இருக்கட்டும். வளைவில் நின்றவர் நீலக் கொடி காட்டியபோதெல்லாம் நீங்கள் கையை உயர்த்தி வணக்கம் தெரிவித்தது எதற்காக?

பிரபாகரன்: மற்றவர்கள் போகும்போது அவர் கொடியைச் சுருட்டி வைத்துக்கொண்டிருந்தார், நான் வந்தால் மட்டும் விரித்து ஆட்டினார். இருபது ஆண்டு வங்கிப் பணியில் எனக்காக யாரும் ஒரு கைக்குட்டையைக்கூட அசைத்ததில்லை என்பதால், மரியாதைக்குப் பதில் மரியாதை செய்தேன்.

தங்கவேல்: உங்களை ஒரு முழுச் சுற்று முந்தப்போகிறவர் பின்னால் வந்துவிட்டார், ஒதுங்கி வழி விடுங்கள் என்பதுதான் அந்தக் கொடிக்குப் பொருள். போட்டிக்கு முன்பு கால் மணி நேரம் அதைத்தானே விளக்கினார்கள்?

பிரபாகரன்: அந்தக் கால் மணி நேரமும் நான் வண்டிக்குள் சீட் பெல்ட்டைத் தேடிக்கொண்டிருந்தேன். இந்த வகை வண்டிக்கு அது கிடையாது, தலைக்கு மேல் பாதுகாப்புக் கம்பி இல்லாத வண்டியோடு கட்டுண்டு கவிழ்வதைவிட வெளியே தூக்கி எறியப்படுவதே மேல் என்று ஒரு பையன் சிரித்துக்கொண்டே சொன்னான். அதன் பிறகு எந்தக் கொடியின் நிறமும் என் மனத்தில் நிற்கவில்லை. அது போகட்டும், இயந்திரம் தெரிந்த நீங்கள் முதல் வளைவிலேயே ஏன் சுழன்று நின்றீர்கள்?

தங்கவேல்: குற்றம் என் இடக் காலுடையது. கார்ட்டில் வலக் காலுக்கு ஆக்ஸிலரேட்டர், இடக் காலுக்குப் பிரேக். என் இடக் காலோ இருபத்திரண்டு ஆண்டுகளாகக் கிளட்சை ஒரே மிதியாக மிதித்துப் பழகிய கால். அது வழக்கம்போல் மிதித்தது. பிரேக் பின் அச்சில் மட்டும் இருப்பதால் பின் சக்கரங்கள் இரண்டும் பூட்டிக்கொண்டன. வண்டி திரும்பி நின்று, வந்துகொண்டிருந்த உங்களை எனக்கு முகத்துக்கு நேராகக் காட்டியது. போதாக்குறைக்கு, தரையைப் பிடிக்கும் அளவுக்கு டயரும் இன்னும் சூடேறவில்லை. கல் காய்வதற்கு முன்பே தோசை வார்த்தால் என்ன ஆகுமோ, அதுதான் ஆயிற்று.

பிரபாகரன்: இன்ஜினைப் பற்றி உங்களுக்கு அத்துப்படி என்று சொன்னீர்களே?

தங்கவேல்: இன்ஜினில் ஒரு ரகசியமும் இல்லை. ஹோண்டா ஜிஎக்ஸ் 270 என்னும் நான்கு ஸ்ட்ரோக் இன்ஜின். ஒன்பது குதிரைத்திறன் அளவே வரும். தண்ணீர் பம்புக்கும் ஜெனரேட்டருக்கும் வைக்கிற அதே வகை. பம்புக்குப் பெயர் பெற்ற கோவையில் பிறந்தவன் பம்பு இன்ஜினுக்கா அஞ்சுவேன்? அதுவும் இது பந்தய வீரர் கரிவரதன் மாருதி இன்ஜினை வைத்துப் பந்தயக் கார் கட்டிய ஊர்; 2003-இல் அவர் பெயரில் இங்கே பந்தயத் தடமே திறந்தார்கள். என்னைக் குழப்பியது பின் அச்சுதான். வளைவில் இரு பின்சக்கரங்களையும் வெவ்வேறு வேகத்தில் சுழல விடும் டிஃபரென்ஷியல் கிடையாது, இரண்டு சக்கரமும் ஒரே தண்டில் இறுக்கப்பட்டு ஒரே வேகத்தில்தான் சுழலும். மாட்டு வண்டியில்கூட ஒவ்வொரு சக்கரமும் தனித்தனியாகச் சுழல்வதால் அது மறுப்பில்லாமல் திரும்பிவிடும்.

பிரபாகரன்: பிறகு இது எப்படித்தான் திரும்புகிறது?

தங்கவேல்: ஸ்டீயரிங்கைத் திருப்பியதும் முன்சக்கரங்களின் சாய்வு காரணமாக வண்டியின் சட்டம் முறுக்கிக்கொண்டு, வளைவின் உட்புறப் பின்சக்கரத்தைத் தரையிலிருந்து இலேசாகத் தூக்கிவிடுகிறது. சஸ்பென்ஷன் இல்லாததால் அந்தச் சட்டமே வில்லாகவும் வேலை செய்கிறது. என்ன அழகான ஏற்பாடு! இதை நான் கண்டுபிடித்தபோது நான்காம் சுற்று நடந்துகொண்டிருந்தது. கண்டுபிடித்த மகிழ்ச்சியில் ஐந்தாம் வளைவைக் கவனிக்கத் தவறிவிட்டேன்.

பிரபாகரன்: (பட்டியலை வங்கிக் கணக்குப் போல விரலால் தடவிப் பார்த்து) ஆனால் ஒரு முரண்பாடு இருக்கிறது, மச்சான். பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டியதாக நீங்கள் சொல்லும் முதல் ஏழு சுற்றும் 57 விநாடிக்குக் குறையவில்லை; எட்டாம் சுற்று மட்டும் 52 விநாடி. அந்தச் சுற்றில் யாராவது தள்ளிவிட்டார்களா?

தங்கவேல்: அந்தச் சுற்றில் என் விரல்கள் மரத்துப்போயிருந்தன. பவர் ஸ்டீயரிங் இல்லாத வண்டியைப் பிடித்திழுத்து ஓய்ந்துபோய், போட்டி எக்கேடும் கெடட்டும் என்று வளைவுக்கு முன்பே நேராக இருந்தபடி பிரேக் பிடித்து, மெல்லத் திருப்பி, சும்மா போனேன்.

பிரபாகரன்: சும்மா போனதற்கு ஐந்து விநாடி லாபமா?

தங்கவேல்: டயர் கிறீச்சிடும்போதெல்லாம் நான் பறப்பதாக நினைத்துக்கொண்டிருந்தேன், கிறீச்சிட்டதெல்லாம் வழுக்கித் தேய்ந்துபோன வேகம் என்பது இப்போதுதான் புரிகிறது. ஒருமுறை இழந்த வேகத்தை ஒன்பது குதிரைகள் மீட்டுத் தருவதற்குள் அடுத்த வளைவு வந்துவிடுகிறது. பட்டறையில் பையன் டூலை அழுத்திக் கடைசலிட்டால், சத்தம் வருகிறது, விடு என்று கத்துகிறவனும் நான்தான்.

பிரபாகரன்: ஒரு மாதம் மாலைப் பஜ்ஜியைத் துறந்து எடையைக் குறைத்தீர்களே, அதுவும் உதவியிருக்கும்.

தங்கவேல்: புண்ணைக் கிளறாதீர்கள். 81 கிலோவிலிருந்து 76-க்கு இறங்கி, கம்பீரமாக எடை மேடையில் ஏறினேன். குறைந்தபட்ச எடை 80 என்று சொல்லி, நான்கு கிலோ ஈயத்தை இருக்கையில் முடுக்கிவிட்டார்கள். அந்த ஈயத்தின் ஒவ்வொரு கட்டியும் எனக்கு ஒரு தட்டு வாழைக்காய் பஜ்ஜியாகவே தெரிந்தது.

பிரபாகரன்: அப்படிப் பார்க்கக் கூடாது. பஜ்ஜி வயிற்றில் சேரும். ஈயம் இருக்கைக்கு அடியில் சேரும். எடை கீழே இருந்தால் வளைவில் வண்டி நன்றாக நிற்கும் என்று நீங்கள்தானே சொன்னீர்கள்? அந்த உண்ணாவிரதம் உங்கள் புவியீர்ப்பு மையத்தைக் கீழே இறக்கியிருக்கிறது.

தங்கவேல்: (நீண்ட யோசனைக்குப் பின்) இயந்திரவியல்படி அது உண்மைதான்.

பிரபாகரன்: அடுத்த மாதம் மறுபடியும் போட்டி இருப்பதால், இப்போது வந்த இந்தத் தட்டை என் பக்கம் நகர்த்திவிடுங்கள்.

தங்கவேல்: தட்டின் மேல் கை வைக்காதீர்கள், மாப்பிள்ளை. புவியீர்ப்பு மையம் அடுத்த மாதம்தானே தேவைப்படுகிறது? தம்பி, சட்னி இன்னும் கொஞ்சம் ஊற்றுங்கள்.