பிரெஞ்சுப் பட்டம்: ஒரு சிறு திருத்தம்

பல்கலைக்கழகத்தில் பிரெஞ்சு படித்தவருக்கு பிரான்சுக்குப் போனால்தான் பிழைப்பு, இல்லையென்றால் வாத்தியார் வேலைதான் என்று மேலே ஒருவர் எழுதியிருக்கிறார், பலரும் ஆமோதித்திருக்கிறீர்கள். அது சரியில்லைங்க. ஐ.நா. செயலகத்தின் பணிமொழிகள் இரண்டே: ஆங்கிலம், பிரெஞ்சு. ஹேக் நகரிலுள்ள சர்வதேச நீதிமன்றத்துக்கும் அதே இரண்டுதான் அலுவல் மொழிகள்.

என் பேச்சை நம்ப வேண்டாம், நீங்களே பாருங்கள். அந்த நீதிமன்றச் சட்டத்தின் 39ஆம் பிரிவு இணையத்திலேயே கிடைக்கிறது. ஐ.நா. வேலைவாய்ப்புத் தளத்தில் செயலகப் பணி அறிவிப்பு ஒன்றைத் திறந்து 'மொழிகள்' பகுதிக்குப் போனால் பணிமொழி பற்றிய வரி கண்ணில் படும். பட்டம் கையில் இருந்தாலே கூப்பிட்டு வேலை கொடுப்பார்கள் என்று சொல்ல வரவில்லை. கூடவே சட்டமோ பொருளாதாரமோ படித்தால் வாய்ப்பு கூடும், அவ்வளவுதான்.