ஒரே ஒரு நக்கல், அவ்வளவுதான்

"தாகம் எடுத்தால் தானாகக் குடிக்கும்." இந்த வாக்கியத்தை இனி யாரும் என்னிடம் சொல்லாதீர்கள். இன்று ஒரே காலையில் இரண்டு முறை கேட்டுவிட்டேன். மதில்மேல் கையை ஊன்றிக்கொண்டு பக்கத்து வீட்டுக்காரர் ஒருமுறை சொன்னார். "நாய்தானே அண்ணி, தாகம் எடுத்தால் தானாகக் குடிக்கும், நீங்கள் ஏன் இப்படி அலட்டிக்கொள்கிறீர்கள்?" என்று தொலைபேசியில் நாத்தனார் ஒருமுறை கேட்டாள். குடிக்காது. நாய் வளர்க்கிறவர்களுக்குத் தெரியும், குடிக்கவே குடிக்காது!

இன்று காலை நடந்ததைச் சொல்கிறேன். ஆறு மணிக்கு எழுந்து முதல் வேலையாக எங்கள் நாய் மணியின் தண்ணீர்க் கிண்ணத்தை எடுத்தேன். அடியில் விரலை வைத்துத் தேய்த்தால் வழவழவென்று ஒரு படலம் வரும். அது கிருமிகள் சேர்ந்து கட்டுகிற படலம். வெறும் தண்ணீரில் அலசினால் போகாது. சோப்புப் போட்டு, நார் வைத்துத் தேய்த்து, சோப்பு வாசனை துளியும் மிஞ்சாமல் நான்கு முறை கழுவினேன். குழாய்த் தண்ணீரின் குளோரின் நெடி அவன் மூக்குக்கு ஆகாதோ என்று முந்தின இரவே ஒரு பாத்திரத்தில் பிடித்துத் திறந்து வைத்திருந்தேன். அதைத்தான் ஊற்றினேன். அளந்து ஊற்றினேன். கிண்ணத்தைக் கொண்டுபோய் அவன் படுக்கும் இடத்துக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, மூன்றடி தள்ளி உட்கார்ந்தேன். நேராகப் பார்த்தால் குடிக்க மாட்டான் என்பதால் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

எழுந்தான். சோம்பல் முறித்தான். கிண்ணத்தருகே வந்தான். குனிந்தான். முகர்ந்தான். தலையைத் தூக்கி வாசல் படலையைப் பார்த்தான். மறுபடி குனிந்தான். மூக்கு நுனி தண்ணீரில் பட்டது, சிறு வட்டம் ஒன்று விரிந்து கிண்ணத்தின் விளிம்பில் மோதி அடங்கியது. நான் மூச்சைக்கூட விடவில்லை. நாக்கை நீட்டினான். நாய் தண்ணீர் குடிக்கும்போது நாக்கு நுனி பின்பக்கமாக வளையும். வெடுக்கென்று இழுக்கும் வேகத்தில் தண்ணீர் கம்பிபோல் மேலே எழும்பும். அதை வாயால் கவ்விக்கொள்ளும். அந்த அழகெல்லாம் கண்ணெதிரே நடந்தது. ஒரே ஒரு முறை! ஒரே ஒரு நக்கல்! மீசையில் தொங்கிய சொட்டு தரையில் விழுந்தது. திரும்பி நடந்தான்.

எங்கே போனான்? பூந்தொட்டிக்கு. தொட்டிக்கு அடியில் இருக்கும் தட்டுக்கு. மூன்று நாள் தேங்கிய தண்ணீர், மஞ்சளாக அழுகிய இலை, துள்ளிக்கொண்டிருக்கும் கொசுப்புழு. அதில் வாயை வைத்தான். சளப், சளப், சளப். எண்ணினேன். நான் ஓடிப்போய்ச் சேர்வதற்குள் இருபத்திரண்டு முறை. தட்டைப் பிடுங்கினால் என்னை ஏறிட்டுப் பார்க்கிறான், சோற்றைப் பறித்துவிட்டதுபோல. அப்போதுதான் மதிலுக்கு மேலிருந்து அந்த வாக்கியம் வந்தது. "பாருங்கள், தாகம் எடுத்ததும் குடிக்கிறான் இல்லையா?"

ஐயா, அது எலி நடமாடுகிற இடம்! தேங்கிய தண்ணீரில் எலியின் சிறுநீர் கலந்தால் எலிக் காய்ச்சல் வரலாம். நாயின் சிறுநீரகத்தையும் கல்லீரலையும் அது தாக்கும், நாயிடமிருந்து வீட்டு மனிதர்களுக்கும் தொற்றும். ஆண்டுதோறும் தடுப்பூசி போடுகிறேன்தான். அதற்காக அந்தத் தண்ணீரைக் குடிக்கட்டும் என்று விட்டுவிட முடியுமா?

நான் சும்மா அலட்டிக்கொள்ளவில்லை. போன மாதம் சொட்டுச் சொட்டாகச் சிறுநீர் கழித்துக்கொண்டு, ஒவ்வொரு சொட்டுக்கும் முனகிக்கொண்டு நின்றான். அடர்மஞ்சள் நிறம். பரிசோதித்ததில் சிறுநீரில் படிகங்கள். மேலுதட்டைத் தூக்கி ஈற்றைத் தொட்டுப் பார்க்கச் சொன்னார் மருத்துவர். வழுக்க வேண்டிய ஈறு பிசுபிசுவென்று விரலில் ஒட்டியது. கழுத்துக்குப் பின்னால் தோலைக் கிள்ளித் தூக்கிவிட்டால் உடனே படிய வேண்டும். அவனுக்குக் கூடாரம்போல் நின்று, மெதுவாக இறங்கியது. அதைப் பார்த்த கண்ணுக்கு இனி உறக்கம் எங்கே வரும்? அவன் காலில் ஊசி குத்தித் திரவம் ஏற்றியபோது என் மடியில் தலையை வைத்துக்கொண்டு கிடந்தான். அதை நாத்தனார் பார்க்கவில்லை, பக்கத்து வீட்டுக்காரரும் பார்க்கவில்லை.

கணக்கு எளிமையானது. உடல் எடையில் ஒரு கிலோவுக்கு ஏறக்குறைய 50 முதல் 60 மில்லிலிட்டர். மணி 18 கிலோ. அப்படியானால் நாளொன்றுக்கு ஒரு லிட்டர் அளவுக்கு வேண்டும், உணவில் இருக்கும் ஈரத்தையும் சேர்த்து. உலர் உணவில் எவ்வளவு ஈரம் இருக்கும்? நூற்றுக்குப் பத்து. டப்பாவில் வரும் ஈர உணவென்றால் நூற்றுக்கு எழுபத்தைந்துக்குமேல். உலர் உணவு தின்கிற நாய் மீதி அத்தனையையும் கிண்ணத்திலிருந்துதான் எடுத்துக்கொள்ள வேண்டும். நேற்று ஊற்றியது ஒரு லிட்டர். இருபத்து நான்கு மணி நேரம் கழித்து அளந்தேன். மிச்சம் 720.

உணவில் தண்ணீர் ஊற்றிக் கொடு என்கிறார்கள். ஊற்றினேன், வெதுவெதுப்பாக. ஒவ்வொரு உருண்டையாகக் கவ்வி எடுத்துத் தரையில் வைத்து, ஈரம் வடிந்ததும் தின்றுவிட்டு, தண்ணீரை அப்படியே விட்டுவிட்டான். எவர்சில்வர் கிண்ணம் வேண்டாம், கழுத்துப்பட்டையின் வில்லை அதில் பட்டு 'டங்' என்று சத்தம் வந்தால் நாய் மிரளும் என்றார்கள். பீங்கான் வாங்கினேன். சலவை இயந்திரத்தின் இரைச்சல் பிடிக்கவில்லையோ என்று கிண்ணத்தை இடம் மாற்றினேன். இரண்டு நாள் நன்றாகக் குடித்தான், நான் வீடு முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தேன். மூன்றாம் நாள் பழையபடி பூந்தொட்டி.

அறிவுரைக்கு மட்டும் பஞ்சமே இல்லை. "கொஞ்சம் சூப் ஊற்றுங்கள்" என்றார் ஒருவர். எந்த சூப்? வெங்காயமும் பூண்டும் நாயின் ரத்தச் சிவப்பணுக்களைச் சிதைப்பவை என்பது தெரியுமா? உப்பு, வெங்காயம், பூண்டு எதுவும் போடாமல் கோழியை வேகவைத்த தண்ணீரை ஆறவைத்துத்தான் கொடுக்க முடியும். கொடுக்கிறேன். அதை மட்டும் குடிக்கிறான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் தினமும் அடுப்பில் நிற்பது யார்? இன்னொருவர், சிரிஞ்சில் எடுத்து வாய்க்குள் பீய்ச்சச் சொன்னார். புரையேறி நுரையீரலுக்குள் போனால் யார் பொறுப்பு?

எல்லாவற்றையும்விட எனக்குக் கொதிப்பு ஏற்றுகிறவர்கள், இரவில் வெளியே கூட்டிப்போகச் சோம்பல்பட்டு மாலையிலேயே கிண்ணத்தை எடுத்து ஒளித்து வைக்கிறவர்கள். என் காதுபடவே ஒருவர் இதைப் பெரிய யோசனைபோலச் சொன்னார். அந்தப் பிராணிக்கு உடம்பெல்லாம் வேர்த்துச் சூடு தணியும் வசதி கிடையாது. பாதத்தில் கொஞ்சம் வியர்க்கும், அவ்வளவுதான். நாக்கைத் தொங்கவிட்டு மூச்சிரைத்துத்தான் உடம்பைக் குளிர்விக்க வேண்டும். ஒவ்வொரு மூச்சிலும் ஈரம் போய்க்கொண்டே இருக்கும். அதன் எதிரிலிருந்து தண்ணீரை எடுத்து ஒளிக்க எப்படி மனம் வருகிறது? வயதான நாய்க்குத் தாக உணர்வே மங்கிப்போகலாம். வலியில் கிடக்கும் நாய் எழுந்து கிண்ணம்வரை வராது. இவர்களிடமும் அதே வாக்கியம்தான். தானாகக் குடிக்கும்!

இப்போது மாலை ஐந்து மணி. அளந்துவிட்டேன். காலையிலிருந்து 190. கோழித் தண்ணீர் ஒரு கோப்பை தனி. பூந்தொட்டித் தட்டுகளை எல்லாம் கவிழ்த்து வைத்துவிட்டேன், குளியலறைக் கதவைச் சாத்திவிட்டேன், வாளிகளைக் காலி செய்துவிட்டேன். மணி என் காலடியில் படுத்து, காய்ந்த மூக்கை என் பாதத்தில் வைத்துக்கொண்டு தூங்குகிறான். கிண்ணம் அவன் வாயிலிருந்து ஒரு சாண் தூரத்தில் இருக்கிறது.

பள்ளியிலிருந்து மகன் வந்தான். பையைத் தொப்பென்று போட்டான். உள்ளே கை விட்டுத் தண்ணீர் புட்டியை எடுத்தேன். கனத்தது. காலையில் நான் நிரப்பிக் கொடுத்த அளவில் ஒரு விரற்கடைகூடக் குறையவில்லை. எட்டு மணி நேரம்! வெயிலில் விளையாடியிருக்கிறான், சட்டை காலரில் உப்புப் பூத்திருக்கிறது.

"ஏனடா குடிக்கவில்லை?"

"தாகம் எடுக்கவில்லை, அம்மா."